வீட்டுக் கோழியின் காலில் காயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழி நொண்டுவதைக் கண்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிடிப்பதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது, விரல்கள் தரையில் விரிகின்றனவா அல்லது மடங்கிக் கிடக்கின்றனவா, காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா அல்லது பின்னால் இழுத்துச் செல்கிறதா என்பவையெல்லாம் அது நடக்கும்போதுதான் தெரியும். கையில் எடுத்துவிட்டால் தெரியாது. காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கோழிக்குப் பெரும்பாலும் வலி இருக்கிறது. காலை இழுத்துச் செல்லும் கோழிக்கு எலும்பிலோ நரம்பிலோ கோளாறு இருக்கக்கூடும். பறவைகள் வலியை மறைக்கும் இயல்புடையவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நொண்டல் நம் கண்ணில் படும் அளவுக்கு வந்துவிட்டது என்றால், பாதிப்பு தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கலாம்.

பார்த்து முடித்ததும் கோழியைக் கூட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். இரத்தத்தின் சிவப்பு நிறம் மற்றக் கோழிகளைக் கொத்தத் தூண்டும். சிறிய காயம் ஒரே பகலில் பெரிய காயமாவது பெரும்பாலும் இப்படித்தான்.

பரிசோதிக்கும்போது கோழியை எப்படிப் பிடிப்பது?

ஒரு துண்டால் இறக்கைகள் உடலோடு சேரும்படி சுற்றி, கால்கள் மட்டும் வெளியே இருக்குமாறு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டின் ஓரத்தால் கண்களை மறைத்தால் பெரும்பாலான கோழிகள் அடங்கிவிடும். மார்பை மட்டும் ஒருபோதும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பாலூட்டிகளுக்கு உள்ளதுபோல் மூச்சை இயக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அது சுவாசிக்கிறது. அந்த அசைவு தடைப்பட்டால் மூச்சுத் திணறும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்க்க நேர்ந்தால் வேலையை விரைவாக முடியுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் உடனே நிமிர்த்தி, ஓய்வு கொடுத்த பிறகு தொடருங்கள்.

காலில் எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?

கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதலில் உள்ளங்கால், பிறகு விரலிடுக்குகள், நகங்கள், செதில் மூடிய கணைக்கால், அதன் மேலுள்ள கணுமூட்டு, கடைசியாகத் தொடை. பின்னோக்கி மடங்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று கருதுகிறார்கள், அது கணுமூட்டு. உண்மையான முழங்கால் அதற்கு மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. மருத்துவரிடம் தொலைபேசியில் விவரிக்க நேர்ந்தால் இந்த வேறுபாடு முக்கியமாகும்.

காயமுற்ற காலை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கோழியின் உடல் வெப்பநிலை இயல்பாகவே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் என்பதால் நலமான காலும் நம் கைக்குச் சூடாகவே தோன்றலாம். இரு கால்களையும் ஒரே நேரத்தில் பிடித்து, வெப்பம், பருமன், மூட்டு மடங்கும் அளவு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். விரல் நுனியை மெல்லக் கிள்ளும்போது காலை இழுத்துக்கொண்டால் உணர்ச்சி இருக்கிறது என்று பொருள்.

காயமே தென்படவில்லை, ஆனாலும் நொண்டுகிறது. ஏன்?

நொண்டல் எல்லாமே காயத்தால் வருவதில்லை. வீட்டுச் சிகிச்சை வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கால் முன்னாலும் மற்றொரு கால் பின்னாலும் நீண்டு கிடக்க, எழ முடியாமல் இருக்கும் இளங்கோழிக்கு மாரெக் நோய் இருக்கலாம். இது ஹெர்பிஸ் வகை வைரஸால் நரம்புகள் தாக்கப்படும் நோய். இதற்குச் சிகிச்சை இல்லை, குஞ்சு பொரித்தவுடன் போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு. முட்டை உள்ளே சிக்கிக்கொண்ட கோழி, வாலைத் தாழ்த்தி உடலை நிமிர்த்திக்கொண்டு தள்ளாடி நடக்கும். கால் கோளாறு என்று நினைத்து நேரத்தைக் கடத்தினால் அது இறந்துவிடக்கூடும். தொடர்ந்து முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் கால்சியம் போதாவிட்டால், அது தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும். அதனால் கால்கள் வலுவிழந்து உட்கார்ந்துவிடும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை இருப்பது இதற்காகத்தான். குஞ்சுகளின் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால் ரைபோஃபிளேவின் எனப்படும் பி2 வைட்டமின் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். கணுமூட்டுகள் வீங்கியிருந்தால் மைக்கோபிளாஸ்மா போன்ற தொற்றும் காரணமாகலாம்.

ஒரே நேரத்தில் பல கோழிகளுக்குக் கால் விழுந்தாலோ, அதோடு கழுத்துத் திருகலோ மூச்சுத் திணறலோ காணப்பட்டாலோ, அதை வெள்ளைக்கழிச்சல் போன்ற கொள்ளைநோயாகக் கருதி உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை எந்தக் கோழியையும் வெளியே கொடுக்க வேண்டாம்.

நகம் ஒடிந்து இரத்தம் வடிகிறது. எப்படி நிறுத்துவது?

சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிய்ந்துவிடும். நகத்துக்குள் ஓடும் இரத்தக்குழாய் அறுந்திருந்தால், இரத்தம் நிறுத்தும் பொடியையோ சோளமாவையோ (கார்ன்ஃப்ளார்) அந்த நுனியில் அழுத்தி வைக்கலாம். சோளமாவு நகத்துக்கும், சேவலின் காலில் வளரும் முள்ளுக்கும் மட்டுமே உரியது; திறந்த தோல் காயத்தில் தூவக் கூடாது. சேவலின் முள் உறை கழன்றால் உள்ளே சிவந்த, மென்மையான பகுதி தெரியும். பார்க்கக் கொடுமையாக இருந்தாலும், சுத்தமாக வைத்திருந்தால் அது தானே கெட்டிப்பட்டுவிடும். பதினைந்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை என்றால் மருத்துவ உதவி தேவை.

காயத்தை எதைக்கொண்டு கழுவுவது?

உப்புநீரே போதும். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் உடலின் திரவத்துக்கு ஒப்பான கரைசல் கிடைக்கும். தட்டையாக நிரப்பிய தேக்கரண்டியில் ஏறத்தாழ ஒன்றரை அளவு. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மண்ணும் எச்சமும் அகலும்வரை பீய்ச்சிக் கழுவுங்கள். அதன் பிறகு போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியை நீர்த்து ஊற்றலாம். கடையில் கிடைக்கும் 10 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் போதுமானது. நீர்க்காமல் ஊற்றினால் வேகமாக ஆறும் என்று எண்ண வேண்டாம்; அது புதிதாக வளரும் திசுவையும் பாதிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து நிறைவடைகிறவர்கள் உண்டு. அழுக்கேறிய காயத்தில் முதல் நாள் ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், தினமும் ஊற்றினால் காயம் ஆறவே ஆறாது.

உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருக்கிறது. இது என்ன?

இது பெரும்பாலும் பாதச் சீழ்க்கட்டி. கோழி வளர்ப்போர் பலர் 'பம்பிள்ஃபுட்' என்றே குறிப்பிடுகிறார்கள். உள்ளங்கால் தோலில் ஏற்படும் சிறு கீறல் வழியாக நுண்ணுயிரிகள், குறிப்பாக ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், உள்ளே புகுந்து கட்டியாகின்றன. உயரமான கம்பிலிருந்து கடினமான தரையில் மீண்டும் மீண்டும் குதிப்பது, சிராய்ப்பும் முள்ளும் உள்ள கம்பு, ஈரமும் எச்சமும் ஊறிய கூளம், அளவுக்கு மீறிய உடல் எடை, வைட்டமின் ஏ குறைபாடு ஆகியவை இதற்கு வழிவகுக்கும்.

மனிதருக்கு வரும் கட்டியிலிருந்து இது ஒரு வகையில் அடிப்படையாகவே வேறுபடுகிறது. சீழை இளக்கி நீர்ப்பதமாக்கும் நொதி கோழியின் வெள்ளணுக்களில் இல்லாததால், அதன் சீழ் வடியாது. பாலாடைக்கட்டி போல் இறுகி, தோலுக்கடியில் ஒரு கட்டையாக நின்றுவிடும். ஆகவே கீறிவிட்டுப் பிதுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொருந்தாது. பிதுக்குவதால் நோய்க்கிருமி ஆழமாகப் போய், தசைநாண் வரைக்கும் எலும்பு வரைக்கும் பரவ நேரலாம்.

தொடக்க நிலையில், அதாவது சிறு பொருக்கு மட்டும் இருந்து வீக்கம் அதிகம் இல்லாதபோது, வீட்டிலேயே செய்யக்கூடியது இது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பாதம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, பத்து முதல் பதினைந்து நிமிடம் கோழியை அதில் நிற்க வையுங்கள். அந்த நீரைக் குடிக்க விடாதீர்கள், வயிற்றுப்போக்கு உண்டாகும். பிறகு நன்கு துடைத்து, நீர்த்த போவிடோன் அயோடினைப் பூசி, மென்மையான கட்டுப் போடுங்கள். இதைத் தினமும் ஒருமுறை செய்யும்போது பொருக்கு இளகி, சில நாட்களில் தானாகவே எழும்பினால் அதை எடுத்துவிடலாம். அடியில் உள்ள கெட்டிச் சீழும் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லது. வராவிட்டால் இழுக்க வேண்டாம்.

கட்டியை நானே கத்தியால் அறுத்து எடுக்கலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அறுத்து எடுக்கும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. அவை பார்ப்பவருக்குத் துணிச்சலைத் தருகின்றனவே தவிர, கோழிக்கு மயக்கமருந்து தருவதில்லை. உள்ளங்காலின் அந்தச் சிறிய இடத்தில் இரத்தக்குழாய்களும், விரல்களை மடக்கும் தசைநாண்களும் நெருக்கமாக ஓடுகின்றன. நாண் அறுபட்டால் அந்த விரல் பிறகு கம்பைப் பற்றாது. வீக்கம் பாதத்தின் மேற்புறத்திலும் தெரிந்தால், அல்லது இரண்டு வாரம் மேற்சொன்னபடி செய்தும் குறையவில்லை என்றால், வலிநீக்கத்தோடும் தேவையான நுண்ணுயிர்க்கொல்லியோடும் கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது.

பாதத்துக்குக் கட்டு எப்படிப் போடுவது?

காயத்தின் மேல் ஒட்டாத காஸ் துணியை மடித்து வைத்து, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் நீள்பட்டையை மெல்லிய நீளங்களாக நறுக்கி, விரலிடுக்குகள் வழியாகக் குறுக்கும் நெடுக்கும் கொண்டுவந்து, கணைக்காலில் ஒருமுறை சுற்றி முடிக்க வேண்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். பட்டையை இழுத்து நீட்டிச் சுற்றினால் அது பிறகு சுருங்கி இறுக்கும். ஆகவே இழுக்காமல் படிய விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விரல்களைத் தொட்டுப் பாருங்கள். அவை குளிர்ந்திருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். காயத்தால் விரலை இழந்த கோழிகளைவிட, கட்டின் இறுக்கத்தால் விரலை இழந்த கோழிகள் குறைவாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

கட்டை ஒன்றிரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நனைந்தால் அப்போதே மாற்ற வேண்டும். கோழி கட்டைக் கொத்திப் பிய்ப்பது முதல் நாளில் இயல்பு. பிய்த்த துண்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரலில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நூலும் தலைமுடியும் கோழியின் காலுக்கு மிக எளிதாகச் சுற்றிக்கொள்கின்றன. கோழி கிளறக் கிளற அந்த இழை இறுகும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நுனி மழுங்கிய சிறு கத்தரியால் ஒவ்வோர் இழையாக வெட்டி எடுங்கள். தோலுக்குள் புதைந்த இழை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதால், வெளிச்சமும் உருப்பெருக்கியும் இருந்தால் நல்லது. இழைக்கு அப்பால் உள்ள பகுதி கறுத்து உலர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. நீங்களாக வெட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுளுக்கா, எலும்பு முறிவா என்று எப்படி அறிவது?

சுளுக்கில் வீக்கமும் வெப்பமும் இருக்கும்; ஆனால் காலின் கோடு நேராக இருக்கும், கோழி ஓரளவு ஊன்றிப் பார்க்கும். கால் இயல்பற்ற கோணத்தில் தொங்கினாலும், மூட்டில்லாத இடத்தில் மடங்கினாலும், தடவும்போது நறநறவென்று உராய்வது தெரிந்தாலும் அது முறிவு. முறிவு என்று சந்தேகம் வந்தபின் மீண்டும் மீண்டும் அசைத்துச் சோதிக்காதீர்கள். எலும்பின் கூரிய முனை தோலைக் கிழித்துவிடும்.

சுளுக்குக்கு ஓய்வுதான் மருந்து. குதிக்க முடியாத, சிறிய, தட்டையான இடத்தில் சில நாட்கள் அடைத்து வைத்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முன்னேற்றம் தெரியும். முன்னேற்றம் தெரிந்த உடனே வெளியே விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. இன்னும் சில நாட்கள் பொறுத்திருங்கள்.

முறிந்த காலுக்கு வீட்டிலேயே சிம்பு வைக்கலாமா?

விரல் எலும்பு என்றால் சிம்பு, அதாவது முறிந்த எலும்பை அசையாமல் தாங்கும் பட்டை, வைக்கலாம். பாதத்தின் அளவுக்குக் கெட்டி அட்டையை வெட்டி, விரல்களை இயல்பாக விரித்து, அதன்மேல் ஒட்டுநாடாவால் பொருத்தினால் அது செருப்புபோல் தாங்கும். கணைக்காலின் நடுப்பகுதி, தோல் கிழியாமல், எலும்பு விலகாமல் முறிந்திருந்தால், மெல்லிய பஞ்சைச் சுற்றி, ஐஸ் குச்சி போன்ற இலேசான சிம்பை இருபுறமும் வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டலாம். கணுமூட்டை நீட்டிக் கட்டாமல், கோழி நிற்கும்போது உள்ள இயல்பான மடிப்பிலேயே கட்டுங்கள். பறவைகளின் எலும்பு விரைவாகக் கூடும். மூன்று முதல் நான்கு வாரங்களில் பொதுவாகப் பிடித்துவிடும். கோணலாக வைத்துக் கட்டினாலும் அதே வேகத்தில் கோணலாகவே கூடிவிடும் என்பதால், முடிந்தால் இதையும் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. தொடை எலும்பு முறிவுக்கும், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கும் வீட்டில் செய்யத்தக்கது எதுவும் இல்லை. சுத்தமான துணியால் மூடி, அசையாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள்.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கின்றன. இதுவும் காயமா?

இது செதிலுக்கடியில் குடைந்து வாழும் நெமிடோகாப்டிஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணிய உண்ணியின் வேலை. கவனிக்காமல் விட்டால் கால் தடித்து, விரல்கள் சிதைந்து நொண்டலில் முடியும். வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, துடைத்தபின் பெட்ரோலியம் ஜெல்லியை அடர்த்தியாகப் பூசுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வீதம் குறைந்தது நான்கு வாரம் தொடர வேண்டும். தூக்கிய செதிலைப் பிய்க்காதீர்கள். மண்ணெண்ணெய், டீசல், பழைய இயந்திர எண்ணெய் ஆகியவை தோலைச் சுட்டு, உடலுக்குள்ளும் நஞ்சாகும். ஒரு கோழிக்கு இருந்தால் கூட்டத்தில் மற்றவற்றுக்கும் இருக்கும். எல்லாக் கோழிகளுக்கும் சேர்த்தே செய்யுங்கள், அடையும் கம்புகளையும் சுத்தம் செய்யுங்கள்.

காயத்தில் புழு வைத்துவிட்டது.

உப்புநீரால் வேகமாகப் பீய்ச்சி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். அன்றே மீண்டும் ஒருமுறை, மறுநாளும் ஒருமுறை பாருங்கள். முட்டைகள் மிஞ்சியிருந்தால் ஒரே நாளில் பொரித்துவிடும். ஈ நுழையாத வலைக்குள் கோழியை வையுங்கள். புழுக்கள் ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம்.

மனிதருக்கான வலிமாத்திரை, களிம்பு ஆகியவற்றைக் கொடுக்கலாமா?

நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். பறவைகளின் சிறுநீரகம் சில வலிநீக்கிகளைத் தாங்காது. டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன என்பது இதற்குப் போதுமான எச்சரிக்கை. கோழிக்கு வலிநீக்கி தேவையென்றால், எடையைக் கணக்கிட்டு மெலாக்சிகம் போன்ற மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். களிம்பு வாங்கும்போது உறையைப் படியுங்கள். லிடோகெய்ன், பென்சோகெய்ன் என்று 'கெய்ன்' என முடியும் மரப்பு மருந்து கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும், அளவு சற்று மிஞ்சினாலும் பறவைக்கு ஆபத்து. ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம்.

சிகிச்சையில் இருக்கும் கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?

வெளியே போடும் உப்புநீரோ பெட்ரோலியம் ஜெல்லியோ முட்டையைப் பாதிக்காது. நுண்ணுயிர்க்கொல்லி, வலிநீக்கி, உண்ணி மருந்து ஆகியவை கொடுக்கப்பட்டால் அவற்றின் எச்சம் முட்டையில் சேரும். எத்தனை நாட்களுக்கு முட்டையை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை இடும் முட்டைகளை மற்றக் கோழிகளுக்கும் தீவனமாகப் போட வேண்டாம்.

எனக்குத் தொற்றுமா?

கட்டியில் உள்ள ஸ்டாஃபிலோகாக்கஸும், எச்சத்தில் இருக்கக்கூடிய சால்மோனெல்லாவும் மனிதரையும் தாக்கும். கையுறை அணியுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குணமாகும்வரை கோழியை எங்கே வைப்பது?

காற்றோட்டமும் நிழலும் உள்ள, உடலைத் திருப்ப மட்டும் இடமுள்ள கூண்டு போதும். தரையில் உலர்ந்த மரச்சீவலையோ வைக்கோலையோ ஒரு சாண் பருமனில் இட்டு, அன்றாடம் ஈரமானதை அகற்றுங்கள். தீவனமும் தண்ணீரும் எழுந்து செல்லாமலே எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்; நொண்டும் கோழிகள் பல பசியாலும் தாகத்தாலுமே நலிகின்றன. நாள் முழுதும் உட்கார்ந்தே இருந்தால் மார்பெலும்பின் மேல் தோல் தேய்ந்து புண்ணாகும், ஆகவே மார்பையும் தினமும் பாருங்கள். கூண்டை மற்றக் கோழிகளின் பார்வையிலேயே வைப்பது நல்லது. பல நாட்கள் கண்மறைவாக இருந்த கோழி திரும்பி வரும்போது, கூட்டம் அதை அந்நியனாகவே நடத்தும்.

மீண்டும் மீண்டும் அதே காயம் வருகிறதே?

கோழியை விட்டுவிட்டுக் கூண்டைப் பரிசோதியுங்கள். அடையும் கம்பு 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலமும் மழுங்கிய விளிம்பும் கொண்டிருக்க வேண்டும். கனத்த இனங்களுக்கு அது தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குள் இருப்பது நலம். அதைவிட உயரமென்றால் ஏறி இறங்கச் சாய்பலகை வையுங்கள். கம்பின் மேல் கையை ஓட்டினால் சிராய் தட்டக் கூடாது. இறங்கும் இடத்தில் கான்கிரீட்டோ சரளையோ இருந்தால் அதன்மேல் கூளம் இடுங்கள். கம்பிவலைத் தரையும், துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளும் பல காயங்களுக்குக் காரணம். எடை கூடிய கோழிக்குத் தானியத்தைக் குறைத்து, சமச்சீர் தீவனத்துக்கு மாற்றுங்கள்.

எப்போது மருத்துவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும்?

முன்பு குறிப்பிட்டவற்றோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் முழுதும் தீவனத்தைத் தொடாமலிருப்பது, கொண்டை வெளுப்பது அல்லது நீலமாவது, பாதம் குளிர்ந்து உணர்ச்சியற்றுப் போவது, காயத்தில் துர்நாற்றம், இரு கால்களும் ஒருசேரச் செயலிழப்பது. நாய், பூனை ஆகியவற்றின் கடியும் அப்படியே; வெளியே ஊசித்துளை அளவே தெரிந்தாலும் உள்ளே கிருமி ஆழமாகப் போயிருக்கும். குணமாகும் வாய்ப்பே இல்லாமல், உண்ணவும் நகரவும் முடியாமல் வலியில் கிடக்கும் கோழிக்கு வலியற்ற முடிவைத் தருவது குறித்தும் மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம். சிகிச்சையை நீட்டிக்கொண்டே போவது எப்போதும் இரக்கமாகிவிடாது.

கூட்டத்தில் எப்போது திரும்ப விடலாம்?

கட்டு இல்லாமல் இரு கால்களிலும் சமமாக எடையைப் போட்டு நடக்கவும், துரத்தினால் ஓடித் தப்பவும் முடிகிறபோது விடலாம். புதிய தோல் மூடிய இடம் சிவப்பாகத் தெரியாமல் இருக்க வேண்டும். மாலையில், மற்றவை அடையும் நேரத்துக்குச் சற்று முன் விட்டு, அடுத்த இரண்டு மூன்று நாட்கள் காலையிலும் மாலையிலும் கவனியுங்கள். ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்தினால், குணமான கோழியை மீண்டும் அடைப்பதைவிட அந்தத் துரத்தும் கோழியைச் சில நாட்கள் பிரித்து வைப்பதே பலன் தரும். கம்பில் ஏறத் தொடங்கிய பிறகும் சில வாரங்களுக்கு வாரம் ஒருமுறை உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். பாதச் சீழ்க்கட்டி வந்த காலில் அது திரும்ப வருவதுண்டு.